நம் கடையும் ஒரு பங்குதான்!
பங்கும் ஃபண்டும் வாங்குமுன் வணிகர் பார்க்க வேண்டிய கணக்கு



கடையில் மிஞ்சும் பணத்தை எந்தப் பங்கில் போடலாம், எந்த மியூச்சுவல் ஃபண்டில் போடலாம் என்று நம் உறுப்பினர்கள் பலர் கேட்டு வருகிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நம் முதல் ஏற்கெனவே எதில் முடங்கிக் கிடக்கிறது?

2023 டிசம்பரை முகத்துவாரக்குப்பத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 4-ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழை கொட்டியது. வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய், கழிமுகம் முழுவதும் படிந்தது. படகும் வலையும் கறுத்துப் போயின. வாரக்கணக்கில் தொழில் நின்றது. 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த மாதம் ரொக்கம் கொடுத்து வாங்கியவர்களும் கடன் சொன்னார்கள். சில்லறைக் கடைக்கு வராத பணம் மொத்தக் கடைக்கும் வரவில்லை. பற்று ஏறியது, கல்லா இளைத்தது.

நம் கடை என்பது ஒரே ஊரையும் ஒரே தொழிலையும் நம்பி நாம் வாங்கி வைத்திருக்கும் மிகப் பெரிய பங்கு. ஆகவே சேமிப்பைப் போடும் இடம், நம் தெரு படுக்கும்போது சேர்ந்து படுக்காத இடமாக இருக்க வேண்டும். மற்ற விதிகளெல்லாம் இதற்குப் பிறகுதான்.

பக்கத்துக் கம்பெனி பாசம்

எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப்., மணலியில் சி.பி.சி.எல். எனப் பங்குச் சந்தையில் உள்ள பெரிய நிறுவனங்கள் நம் வாசலிலேயே இருக்கின்றன. "தினமும் பார்க்கிற கம்பெனி, தைரியமாக வாங்கலாம்" என்று தோன்றுவது இயல்பு. ஆனால் வாசற்கதவைப் பார்ப்பது வேறு, கணக்கைப் பார்ப்பது வேறு.

சி.பி.சி.எல். ஒரு பங்குக்குக் கொடுத்த டிவிடெண்டைப் பாருங்கள். 2022-23-க்கு ரூ.27, 2023-24-க்கு ரூ.55, 2024-25-க்கு ரூ.5. சுத்திகரிப்பு ஆலையின் பிழைப்பு நம் செக்குக்காரர் பிழைப்பைப் போன்றது. கடலை வாங்கும் விலைக்கும் எண்ணெய் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளிதான் லாபம். அந்த இரண்டு விலையும் அவர் கையில் இல்லை. ரூ.55 வந்த வருடத்தை மட்டும் பார்த்து வாங்கியவருக்கு அடுத்த வருடம் ஏமாற்றம்தான். தவிர, வட்டாரத்து ஆலை வேலை குறைந்தால் நம் விற்பனையும் குறையும். அதே நாளில் பங்கும் இறங்கினால் இரட்டை அடி.

பங்கை எடை போடுவது எப்படி?

மூட்டையில் ஊசி போட்டு அரிசியைக் கையில் ஏந்திப் பார்க்காமல் நாம் கொள்முதல் செய்வதில்லை. பங்குக்கும் அதுவே முறை.

முதலாவது, விலை. 2023 ஜூனில் எம்.ஆர்.எஃப். பங்கு ஒன்று லட்சம் ரூபாயைத் தாண்டியது. அதனால் அது கிராக்கி என்றோ, பத்து ரூபாய்ப் பங்கு மலிவு என்றோ சொல்லிவிட முடியாது. ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டையும் பெரிய பாட்டிலையும் மில்லி கணக்கில்தானே ஒப்பிடுகிறோம்? அதுபோலப் பங்கின் விலையை, அந்தப் பங்குக்கு ஒரு வருடத்தில் கிடைக்கும் லாபத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். அந்த எண்ணை அதே தொழிலில் உள்ள மற்ற கம்பெனிகளோடு ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது, கடன். ஐந்து வருட ஆண்டறிக்கைகளை எடுத்து, விற்பனையைவிடக் கடன் வேகமாக வளர்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, வசூல். காகிதத்தில் லாபம் காட்டி, கையில் ரொக்கம் வராத கம்பெனி, பற்று வரவில் மட்டும் பணக்காரனான கடைக்காரரைப் போன்றது.

நான்காவது, முதலாளிகள் தங்கள் பங்குகளை அடகு வைத்திருக்கிறார்களா என்பது. இதைப் பங்குச் சந்தைகளே வெளியிடுகின்றன.

இவ்வளவும் பார்க்க நேரமில்லை என்பவருக்குத் தனிப் பங்கு வேண்டாம், ஃபண்ட் போதும்.

ஃபண்டிலும் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்

1964-இல் தொடங்கிய யூனிட் டிரஸ்டின் 'யூ.எஸ்.-64' திட்டத்தை வங்கி டெபாசிட்டுக்குச் சமமாக நினைத்துப் பணம் போட்டவர்கள் ஏராளம். 2001 ஜூலையில் ஆறு மாதத்துக்கு யூனிட்டுகளைத் திரும்ப வாங்குவதை நிறுத்தினார்கள். 2020 ஏப்ரல் 23-இல் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் நிறுவனம் ஆறு கடன் பத்திரத் திட்டங்களை முடித்துக்கொண்டது. போட்டவர்களுக்குப் பணம் தவணை தவணையாகத்தான் வந்தது. அதிக வட்டி ஆசைக்குப் பின்னால் எளிதில் விற்க முடியாத பத்திரங்கள் இருக்கக்கூடும் என்பது இதில் நாம் கற்ற பாடம்.

புதிதாக வருபவருக்கு நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்ட் எளிது. வங்கி, மருந்து, மென்பொருள், வாகனம் என்று நாட்டின் ஐம்பது பெரிய கம்பெனிகளில் பணம் பிரிந்துவிடும். எண்ணூரில் மழை பெய்தால் ஐம்பதும் நனையாது. செலவு விகிதத்தையும் பாருங்கள். ஒரு லட்சத்துக்கு ஒரு சதவீதம் என்றால் வருடம் ஆயிரம் ரூபாய். லாபம் வந்தாலும் வராவிட்டாலும் பிடித்துக்கொள்வார்கள். முகவர் மூலம் வாங்கும் 'ரெகுலர்' திட்டத்தைவிட 2013 முதல் உள்ள 'டைரக்ட்' திட்டத்தில் இச்செலவு குறைவு.

எவ்வளவு போடலாம்?

கொள்முதல் பணம், ஜி.எஸ்.டி. கட்ட வேண்டிய பணம், மகள் கல்யாணத்துக்கு வைத்த பணம் எதையும் பங்கில் போடக் கூடாது. 2008 ஜனவரியில் 20,800-க்கு மேல் இருந்த சென்செக்ஸ் 2009 மார்ச்சில் 8,200-க்கும் கீழே போனது. 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் 13 சதவீதம் சரிந்தது. இரண்டு முறையும் சந்தை பிற்பாடு மீண்டது. ஆனால் பாக்கி கட்டுவதற்காக நடுவில் விற்றவருக்கு அந்த மீட்சியால் பயன் என்ன?

உதாரணமாக ஐந்து லட்சம் சேமிப்பு இருந்தால், இரண்டு லட்சம் வங்கியிலோ தபால் நிலையத்திலோ இருக்கட்டும். இரண்டு லட்சத்தை இண்டெக்ஸ் ஃபண்டில் மாதாமாதம் பிரித்துப் போடலாம். மீதி ஒரு லட்சத்தில், வெவ்வேறு தொழிலைச் சேர்ந்த ஐந்து கம்பெனிகளுக்கு மேற்சொன்னபடி எடை போட்டு, ஒன்றுக்கு இருபதாயிரத்துக்கு மிகாமல் வாங்கலாம். வயது ஏற ஏற வங்கிப் பங்கைக் கூட்டிக்கொள்வது நல்லது.

மாதம் இவ்வளவு நிச்சயம் என்று ஆசை காட்டுபவரை வாசலிலேயே நிறுத்துங்கள். 2022-இல் வெளிப்பட்ட ஆருத்ரா விவகாரத்தில் ரூ.2,400 கோடிக்கு மேல் திரட்டப்பட்டதாகக் காவல்துறை தெரிவித்தது. செபியில் பதிவு பெற்றவர்தானா என்று பார்க்காமல் யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம்.

இறுதியாக ஒன்று. எந்தப் பங்கு, எந்த ஃபண்ட், எந்த வங்கி என்பதைப் பேரேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி எழுதி, நாமினி பெயரைப் பதிந்து, வீட்டில் உள்ளவர்களிடம் காட்டிவிடுங்கள். இன்னொரு டிசம்பர் வந்து கடைக்கதவை மூட நேர்ந்தாலும், அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்க நம் குடும்பத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும்.