விழாமலே விழுந்து பார்க்கும் பயிற்சி

தெற்குக் கொல்கத்தாவின் டாக்குரியாவில் பழைய வீடுகளை இடித்துவிட்டு அடுக்குமாடிகளைக் கட்டுகிறார்கள். கானிங், லட்சுமிகாந்தபூர் பக்கமிருந்து புறநகர் ரயில்கள் கூலித் தொழிலாளர்களை நகரத்துக்குக் கொண்டுவருகின்றன. சாரத்தில் ஏறி நின்று செய்யும் இந்த வேலையில் பெரிய எமன், உயரத்திலிருந்து விழுவது. அமெரிக்காவில்கூடக் கட்டுமானச் சாவுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்படி நேர்பவைதான். ஆனால் விழுவதன் ஆபத்தை யாரையும் விழவைத்துக் கற்றுத்தர முடியாது. அங்கேதான் மெய்நிகர்க் காட்சி, அதாவது வி.ஆர். கருவி, கைகொடுக்கிறது.

கண்ணை மூடும்படி தலையில் மாட்டிக்கொள்ளும் ஹெட்செட் அது. உள்ளே ஒவ்வொரு கண்ணுக்கும் சற்றே வேறுபட்ட படம் தெரிவதால், காட்சிக்கு ஆழம் வந்துவிடுகிறது. தலை எந்தப் பக்கம், எவ்வளவு திரும்புகிறது என்பதை உணரிகள் அளக்க, அதற்கேற்பப் படம் நொடிக்கு 72 முதல் 90 முறை புதிதாக வரையப்படுகிறது. இதில் கொஞ்சம் தாமதம் ஏற்பட்டாலும் தலை சுற்றும், குமட்டும்.

பொய்க்காட்சி என்று அறிந்த பிறகும் உடம்பு அதை நம்புகிறது. அமெரிக்காவின் வடகரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட சோதனையில், மெய்நிகர்க் குழியின் விளிம்பில் நின்றவர்களின் இதயத்துடிப்பு ஏறியது. தரையில் ஒன்றரை அங்குல மரப்பலகையை வைத்து, அதன் விளிம்பைக் காலால் உணரச் செய்தபோது அந்தப் பயம் இன்னும் கூடியது.

இந்த நம்பிக்கையைக் கட்டட வேலைக்குக் கொண்டுபோவோம். முதல் மாடித் தளத்தின் ஓரத்தில் நிற்கும் தொழிலாளி சேஃப்டி பெல்ட் போட்டிருக்கிறார். 1.8 மீட்டர் கயிற்றின் கொக்கியைக் காலடியில் உள்ள கம்பியில் மாட்டியிருக்கிறார். பெல்ட்டின் வளையம் முதுகில், காலுக்கு ஏறக்குறைய 1.5 மீட்டர் மேலே இருக்கிறது. விழுந்தால், கயிறு விறைப்பதற்குள் அவர் 3.3 மீட்டர் இறங்கிவிடுவார். தளத்துக்கும் தரைக்கும் 3 மீட்டர்தான். பெல்ட் போட்டும் தரையில் மோதுவார். அதே கொக்கியைத் தலைக்கு மேல் மாட்டியிருந்தால் தப்பித்திருப்பார். கரும்பலகையில் இந்தக் கணக்கு மண்டையில் ஏறாமல் போகலாம். ஹெட்செட்டுக்குள் கொக்கியைத் தானே மாட்டி, விழுந்து, தரை முகத்துக்கு நேரே ஏறி வருவதைப் பார்த்தவர் அடுத்த முறை கொக்கி மாட்ட மேலே தேடுவார். இதற்கு எழுத்தறிவு வேண்டாம். குரல் வழிகாட்டலை வங்க மொழிக்கோ தமிழுக்கோ மாற்றிக்கொண்டால் போதும்.

பயன் உண்டா என்பதையும் சோதித்திருக்கிறார்கள். இஸ்ரேலின் டெக்னியான் ஆய்வாளர்கள் 66 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் படவில்லை வகுப்பும் மற்றதற்கு மெய்நிகர்ப் பயிற்சியும் தந்து, ஒரு மாதம் கழித்தும் தேர்வு வைத்தார்கள். 2013-இல் வெளியான முடிவின்படி, சுவரில் கல் பதிப்பது, காங்கிரீட் போடுவது ஆகிய வேலைகளில் மெய்நிகர்ப் பயிற்சி தெளிவாக முந்தியது. பொதுவான தளப் பாதுகாப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆக, குறிப்பிட்ட வேலையின் குறிப்பிட்ட ஆபத்தைக் காட்டும்போதுதான் இது பலன் தருகிறது.

கொல்கத்தாவுக்கு மேற்கே கரக்பூர் ஐ.ஐ.டி.யில் பணியிடப் பாதுகாப்புக்கென்றே ஒரு மெய்நிகர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. பெரிய கட்டுமான நிறுவனங்களும் இந்தப் பயிற்சியைக் கையில் எடுத்துவிட்டன. சந்துக்குள் எழும்பும் நாலு மாடிக் கட்டடத்தின் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் இது எப்போது போய்ச் சேரும் என்பதுதான் என் கவலை. சட்டப்படி கட்டுமானச் செலவில் குறைந்தது 1 சதவீதம் தொழிலாளர் நலனுக்கென வசூலாகிறது. ஒரு வேனில் சில ஹெட்செட்டுகளை ஏற்றி, வேலை நடக்கும் இடத்துக்கே அனுப்ப அந்த நிதியைப் பயன்படுத்தலாம்.

அந்த வேன் வரும்போது கட்டட உரிமையாளரும் ஒப்பந்தக்காரரும் மேஸ்திரியும்தான் முதலில் ஹெட்செட்டை மாட்ட வேண்டும். தளத்தின் ஓரத்தில் தடுப்புக் கம்பி வைப்பதும், தலைக்கு மேல் கொக்கி மாட்ட உறுதியான இடம் அமைப்பதும் அவர்கள் பொறுப்பு. அவை இல்லாத இடத்தில், எவ்வளவு நன்றாகப் பயிற்சி பெற்ற தொழிலாளியாலும் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது.