வீட்டு விளையாட்டுச் சேவையகமும் வழிப்படுத்தித் தெரிவும்

விளையாட்டிற்குக் களம் இன்றியமையாதது. கணினி வழியாகப் பலர் கூடி ஆடும் விளையாட்டுக்களுக்கும் ஒரு களம் உண்டு. அதுவே சேவையகம் எனப்படுவது. ஆடுவோர் ஒவ்வொருவரின் செயலையும் ஏற்று, விளையாட்டுலகின் அவ்வப்போதைய நிலையைக் கணித்து, அதனை எல்லார்க்கும் திருப்பி அறிவித்தல் அதன் தொழில். சேவையகங்கள் பல நிறுவனங்களின் பொறுப்பில் இயங்குவன. எனினும், சுவீடன் நாட்டு மோயாங் நிறுவனம் 2011 ஆம் ஆண்டில் முழுமையாக வெளியிட்ட மைன்கிராப்ட் போன்ற விளையாட்டுக்களில், எவரும் தம் வீட்டுக் கணினியிலேயே சேவையகம் ஒன்றை நிறுவிக்கொள்ளலாம். பொழுதுபோக்காகத் தொடங்கும் இம்முயற்சி, வலையமைப்பியலின் அடிப்படைகளை மாணவர்க்குக் கைப்பழக்கத்தாற் கற்பிப்பதும் ஆகும்.

இதனை மேற்கொள்வோர்க்கு எழும் முதல் ஐயம், பேச்சுவழக்கில் றவுட்டர் எனப்படும் வழிப்படுத்திகளுள் எதனை வாங்குவது என்பதாம். வீட்டின் உள்வலையையும் வெளியே உள்ள இணையத்தையும் இணைத்து, இரண்டிற்கும் இடையே தரவுப் பொதிகளை உரிய இடத்துக்கு அனுப்பும் கருவி அது. அதன் தகுதியைப் பெட்டியின்மேல் அச்சிட்ட வேக எண்ணாலும் அன்ரெனாக்களின் தொகையாலும் அளப்பது பலர்க்கு வழக்கம். அவ்வெண் பெரும்பாலும், பல அலைவரிசைகளில் வைஃபை கோட்பாட்டளவில் எய்தக்கூடிய உச்ச வேகங்களைக் கூட்டிப் பெற்றதொன்று. சேவையகக் கணினியோ கம்பியால் வழிப்படுத்தியுடன் பிணைக்கப்பட வேண்டியது. ஆதலின் அவ்வெண்ணால் அதற்கு விளையும் பயன் சிறிது. கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று. வெளியிலிருந்து வருவோர்க்கு வழி திறக்க இயலுமா? நெரிசலில் வரிசையைச் செம்மையாக ஆளுமா? திறந்த வழியால் வீட்டுக்குத் தீங்கு நேராமற் காக்குமா?

முதல் வினா முகவரி பற்றியது. இன்றும் பரந்து வழங்கும் நான்காம் பதிப்பு இணைய நெறிமுறையில் அமையக்கூடிய முகவரிகள் 4,294,967,296 மட்டுமே. உலகப் பொது இருப்பில் எஞ்சியிருந்த தொகுதிகள் 2011 பெப்ரவரியில் முற்றாகப் பங்கிடப்பட்டன. இப்பற்றாக்குறையை முன்னுணர்ந்தோர், பல கணினிகள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்ளும் முகவரி மாற்ற முறையை 1994 ஆம் ஆண்டிலேயே வெளியிட்டனர். இதனை ஒரு மாணவர் விடுதியோடு ஒப்பிடலாம். விடுதிக்கு அஞ்சல் முகவரி ஒன்றே, அறைகளோ பல. மாணவன் ஒருவன் எழுதிய கடிதத்துக்கு வரும் விடையை, வாயிற்காவலன் தன் குறிப்பேட்டைப் பார்த்து அவனிடம் சேர்ப்பிப்பான். எவரும் எழுதாதிருக்கத் தானாக வரும் கடிதத்தை எவ்வறைக்குக் கொடுப்பதென அவன் அறியான், ஒதுக்கிவிடுவான். சேவையகத்தை நாடி வரும் பொதிகள் இத்தகைய கடிதங்களே. ஆகவே, 25565 என்னும் எண்ணிட்டு வருவனவற்றை இன்ன கணினிக்குக் கொடுக்க என வழிப்படுத்திக்கு நிலையான கட்டளை இடல் வேண்டும். இவ்வெண் மைன்கிராப்ட் ஜாவாப் பதிப்பின் வழக்கமான துறை எண். இவ்வேற்பாடு துறை முன்னனுப்பல் எனப்படும். இவ்வசதியும், சேவையகக் கணினிக்கு மாறாத உள்முகவரியை ஒதுக்கும் வசதியும் இல்லாத வழிப்படுத்தி இத்தொழிலுக்கு உதவாது.

பணம் கொடுக்குமுன் ஆராய வேண்டிய செய்தி இன்னுமொன்று உளது. இணையச் சேவை வழங்குவோர் சிலர், பல வீடுகளை ஒரே பொது முகவரியின்கீழ் அடக்குகின்றனர். விடுதிக்குள் விடுதி அமைந்தாற்போன்ற நிலை இது. வெளிவாயில் வீட்டாரின் ஆளுகையில் இல்லாதபோது, எத்துணை விலையுயர்ந்த வழிப்படுத்தியாலும் உள்வாயிலை மட்டுமே திறக்க முடியும். இதனை அறிதல் எளிது. வழிப்படுத்தியின் நிலைப் பக்கத்திற் காணும் வெளிமுகவரியும், இணையத் தளமொன்று காட்டும் முகவரியும் ஒன்றாயின் தடையில்லை. வேறுபடின், குறிப்பாக முன்னையது 100.64 முதல் 100.127 வரையான வரம்பில் தொடங்கின், அஃது 2012 ஆம் ஆண்டில் இத்தகைய பகிர்வுக்கென ஒதுக்கப்பட்ட முகவரியாம். அப்போது செய்யத்தக்கது சேவை வழங்குவோரிடம் பொது முகவரி கேட்பதே. ஆட்டக்காரர் எல்லார்க்கும் ஆறாம் பதிப்பு முகவரி வாய்த்திருப்பின், அவ்வழியும் உதவும்.

இரண்டாம் வினா வரிசை பற்றியது. வீட்டுச் சேவையகம் பெறுவதிலும் மிகுதியாக அனுப்புவது. ஒருவன் செய்த செயலை ஏனையோர் அனைவர்க்கும் அது தெரிவித்தாக வேண்டும். வீட்டு இணைப்புக்கள் பலவற்றிலோ பதிவேற்ற வேகமே குறைந்தது. அவ்வேகம் செக்கனுக்கு 10 மெகாபிற்று எனக் கொள்க. அவ்வீட்டில் ஒருவர் பெரியதொரு காணொளியை மேலேற்றுகின்றார்; அதன் பொதிகள் இணைப்புக் கருவியில் 1 மெகாபைற்று, அதாவது 8 மெகாபிற்று அளவுக்குத் தேங்குகின்றன. இனி வரும் சிறு பொதியும் அவ்வரிசையின் ஈற்றில் நின்று 0.8 செக்கன் காத்திருக்க வேண்டும். மைன்கிராப்ட் உலகம் செக்கனுக்கு 20 முறை கணிக்கப்படுவது. எனவே ஆட்டக்காரன் காண்பது 16 கணிப்புக்களுக்கு முந்திய உலகம். வேகம் போதாமையன்று, வரிசை நீண்டமையே இங்குக் குற்றம். அதே வரிசையில் இணைய வகுப்பிலிருக்கும் மாணவியின் குரலும், கடல்கடந்த உறவினரோடு பேசும் தாயின் குரலும் நின்று தடுமாறுகின்றன.

இந்நோய்க்கு மருந்து உண்டு. கத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் என்போர் 2012 ஆம் ஆண்டில் கோடெல் என்னும் முறையை வெளியிட்டனர். வரிசையின் நீளத்தை நோக்காது, பொதிகள் அதிற் காத்திருக்கும் காலத்தை அளந்து, தாமதம் நீடிப்பின் சில பொதிகளைக் கைவிட்டு, அனுப்புவோரை வேகம் தணியச் செய்வது அம்முறை. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் தனி வரிசை அமைக்கும் அதன் விரிவு 2018 ஆம் ஆண்டில் இணைய நெறிமுறை ஆவணமாயிற்று. இவ்வகை வசதி எஸ். கியூ. எம். என்னும் எழுத்துக்களாற் குறிக்கப்படும். அளந்தறிந்த பதிவேற்ற வேகம் 10 மெகாபிற்றாயின், 9 எனச் சற்றுக் குறைத்து அமைத்தால், வரிசை இணைப்புக் கருவியில் தேங்காது வழிப்படுத்தியின் ஆளுகைக்குள் வரும். இப்பணி பெரும்பாலும் வழிப்படுத்தியின் செயலியாற் செய்யப்படுவது. ஆதலின் விரைவான இணைப்புடையோர் செயலியின் வலிமையையும் கருதல் வேண்டும். எனினும் தொலைவை எக்கருவியும் குறைக்காது. கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் செல்லும். 5,000 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள நண்பனிடம் ஒரு பொதி சென்று மீள 50 மில்லிசெக்கனேனும் ஆகும்.

மூன்றாம் வினா காவல் பற்றியது. திறந்த வாயிலால் நண்பர் மட்டுமே வருவர் என எண்ணுதல் ஆகாது. 2016 ஆம் ஆண்டில் மிறாய் என்னும் தீநிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லே மாற்றப்படாதிருந்த வழிப்படுத்திகளையும் கமராக்களையும் இலட்சக்கணக்கிற் கைப்பற்றியது. அதனை இயற்றிய இளைஞர் மூவரும் 2017 டிசெம்பரில் அமெரிக்காவிற் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். அவர்கள் தாக்கியவற்றுள் மைன்கிராப்ட் சேவையகங்களும் அடங்கும். 2021 டிசெம்பரில் வெளிப்பட்ட லொக்4ஜே என்னும் நிரற்கூற்றின் குறையோ, உரையாடலிற் சில எழுத்துக்களைத் தட்டுவதனாலேயே மைன்கிராப்ட் சேவையகத்தைப் பிறர் ஆளும் நிலையை உண்டாக்கிற்று. ஆகவே வேண்டிய துறை ஒன்றையே திறத்தலும், கருவிகள் தாமாகவே வாயில் திறக்கும் வசதியை நிறுத்துதலும், கடவுச்சொல்லை மாற்றுதலும், சேவையக மென்பொருளைப் புதுப்பித்தலும் கடமையாம். சேவையகக் கணினியை வீட்டின் ஏனைய கருவிகளினின்று தனிவலையாகப் பிரிக்கவல்ல வழிப்படுத்தி சிறந்தது. உற்பத்தியாளர் நெடுங்காலம் திருத்தங்கள் வழங்குவதோ, 2004 இல் தோன்றிய ஓப்பன்டபிள்யூஆர்ரி போன்ற பொது மென்பொருளை ஏற்பதோ அதனினும் முக்கியமானது. திருத்தம் நின்றுபோன கருவி, பூட்டுத் துருப்பிடித்த கதவுக்கு நிகர்.

ஆகவே வாங்குவோர் ஒழுகத்தக்க முறை இதுவாம்: முதலிற் பொது முகவரி உண்டா என அறிக, அடுத்துப் பதிவேற்ற வேகத்தை அளக்க, பின்னர்த் துறை முன்னனுப்பலும், வரிசை மேலாண்மையும், தனிவலை வசதியும், நீண்டகாலத் திருத்தமும் உடைய வழிப்படுத்தியைத் தேடுக. இருக்கும் கருவியிலேயே இவை அமைந்திருப்பின் புதியதொன்று வாங்கவே வேண்டியதில்லை. அன்ரெனா எட்டுடைய கருவியைவிட, இந்நான்கும் உடைய எளிய கருவியே ஆட்டக்காரர்க்கும் வீட்டார்க்கும் ஒருங்கே பயன்தருவதாகும்.