விரல் வலித்தால் வாத்தியத்தைப் பாருங்கள்

யுகுலேலே கற்க வரும் பிள்ளை விரல் வலிக்கிறது என்று சொன்னால், நான் முதலில் வாங்கிப் பார்ப்பது அதன் வாத்தியத்தைத்தான். "பழகப் பழகச் சரியாயிடும், பொறுத்துக்கோ" என்று பெரியவர்கள் சொல்லி அனுப்பியிருப்பார்கள். அந்த வார்த்தையை நம்பி, கண்ணீரை அடக்கிக்கொண்டு வாசித்துவிட்டு ஒரு மாதத்தில் நின்றுபோகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

வீணையில் வளர்ந்தவள் நான். வீணையின் முதன்மைத் தந்தியான சாரணி எஃகு. அதை அழுத்தினால் மட்டும் போதாது. கமகத்துக்குப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும், மெட்டுக்கு மெட்டு விரலை எடுக்காமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். வீணைக்காரர்கள் பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் எண்ணெயும் பஞ்சும் வைத்திருப்பது அதற்காகத்தான். இடக்கை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தந்தி ஓடிய தடம் கறுத்த கோடாகவே பதிந்துவிடும். எனக்கும் இருக்கிறது. அந்த நாதம் வேண்டுமென்றால் அந்தக் கோடும் வரத்தான் செய்யும். ஆனால் யுகுலேலே விரலிடம் அவ்வளவு கேட்கிற வாத்தியமே இல்லை. காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது.

1879 ஆகஸ்டில் ராவன்ஸ்கிராக் என்ற கப்பல் போர்த்துகலின் மதீராத் தீவிலிருந்து ஹவாயின் ஹொனலூலுவுக்கு வந்து சேர்ந்தது. கரும்புத் தோட்ட வேலைக்காக அதில் வந்தவர்களுக்கு நடுவே மூன்று மரவேலைக்காரர்கள் இருந்தார்கள்: மானுவேல் நூனெஸ், அகுஸ்தோ தியாஸ், ஜோஸே தோ எஸ்பிரித்து சாந்தோ. ஊரில் தாங்கள் அறிந்த மஷேத் என்ற சின்ன வாத்தியத்தின் வழியில், ஹவாயில் விளையும் கோவா மரத்தில் அவர்கள் இழைத்ததுதான் யுகுலேலே ஆயிற்று. மன்னர் கலாகௌவா அதை அரண்மனை விருந்துகளுக்கு அழைத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் அதில் கட்டியது குடலை முறுக்கிச் செய்த நரம்பு. இரண்டாம் உலகப்போரின்போது குடல் நரம்புக்குத் தட்டுப்பாடு வந்தது. நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் கிட்டாருக்கு நைலான் தந்தி செய்தார். யுகுலேலேயும் நைலானுக்கு மாறியது. ஆக, பிறந்ததிலிருந்தே மெதுவான தந்திக்காகச் செய்த உடம்பு இது. ஒரு தந்தியின் இழுவை நாலு கிலோ அளவில்தான் இருக்கும். எஃகுக் கிட்டாரில் அது பத்து கிலோவைத் தாண்டும். "சத்தம் தூக்கலா வரும்" என்று கிட்டாரின் எஃகுத் தந்தியைக் கட்டிக் கொடுக்கும் கடைக்காரர் உண்டு. தயவுசெய்து வாங்காதீர்கள். விரலும் கிழியும், உடம்பின் மேல் பசை போட்டு ஒட்டிய, தந்திகளைத் தாங்கும் குதிரையும் பெயர்ந்து வரும்.

இன்று கடையில் முக்கியமாக மூன்று வகைத் தந்தி கிடைக்கிறது. சாதா நைலான் கொஞ்சம் தடிமன், வழுவழுப்பு, விரலுக்கு இதம். நைல்கட் என்பது இத்தாலியின் அக்விலா நிறுவனம் குடல் நரம்பின் குணத்தைச் செயற்கையாகக் கொண்டுவரச் செய்தது. பால்வெள்ளையாக இருக்கும், தொட்டால் லேசான சொரசொரப்பு தெரியும். மூன்றாவது ஃப்ளூரோகார்பன், தூண்டில் நரம்புக்கும் பயன்படும் பொருள். நைலானைவிட அடர்த்தி அதிகம் என்பதால் அதே சுருதிக்கு இன்னும் மெல்லிய தந்தி போதும். நாதம் பளிச்சென்று கேட்கும். ஆனால் மெல்லிய தந்தி என்றால் அதே அழுத்தம் குறுகிய இடத்தில் இறங்குகிறது என்று அர்த்தம்; தோல் மெதுவாக இருப்பவர்களுக்கு உறுத்தும். ஆரம்பக்காரர்களுக்கு நான் சாதா நைலானைத்தான் கட்டுகிறேன். புதுத் தந்தி சில நாள் நீண்டுகொண்டே போய்ச் சுருதி இறங்கும். அது தந்தியின் சுபாவம், சுருதி சேர்க்கும் பிருடையில் கோளாறு இல்லை.

அளவையும் பார்க்க வேண்டும். சிறிய சோப்ரானோ யுகுலேலேயில் ஒலிக்கும் தந்தியின் நீளம் சுமார் 35 சென்டிமீட்டர், அதைவிடப் பெரிய டெனரில் சுமார் 43. ஒரே தடிமனான தந்தியை இரண்டிலும் ஒரே சுருதிக்கு ஏற்றினால், டெனரில் இழுவை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. டெனர் வாங்கிக் கொடுத்துவிட்டு, அக்கா வாசிப்பதுபோல் தங்கையால் ஏன் அழுத்த முடியவில்லை என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

இத்தனைக்கும் மேலே உண்மையான குற்றவாளி பெரும்பாலும் நட். கழுத்தின் உச்சியில் தந்திகள் நாலும் உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்னப் பட்டை. விலை மலிவான வாத்தியங்களில் அதன் பள்ளங்களை ஆழமாக அறுக்காமலேயே அனுப்பிவிடுகிறார்கள். வகுப்புக்கு ஒரு அம்மா வந்து, "மிஸ், பி ஃப்ளாட் பிடிக்கச் சொன்னாலே அழறா, வேற பாட்டு குடுங்களேன்" என்றார். "பாட்டு இருக்கட்டும்மா, அதைக் கொண்டாங்க" என்று வாங்கி, மூன்றாவது ஃப்ரெட்டில், அதாவது மெட்டில், தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று வெளிச்சத்தில் காட்டினேன். ஒரு தாள் நுழைந்தால் போதும். அங்கே நாலைந்து தாள் தாராளமாக நுழைந்தது. பி ஃப்ளாட் கார்டில் ஆள்காட்டி விரல் முதல் ஃப்ரெட்டில்தான் படுக்க வேண்டும். அத்தனை உயரத்திலிருந்து தந்தியை இறக்குவது பெரியவர்களுக்கே கஷ்டம். கிட்டார் பழுதுபார்ப்பவர் மெல்லிய அரத்தால் பள்ளங்களைக் கொஞ்சம் இறக்கிக் கொடுத்தார். அதிகமாக அராவிவிட்டால் தந்தி ஃப்ரெட்டில் இடித்து இரையும் என்பதால், வீட்டில் முயல வேண்டாம்.

வாத்தியம் சரியாக இருந்தாலும் ஆரம்பத்தில் விரல்நுனி கொஞ்சம் எரியும். தந்தி பதிந்த கோடு தெரியும், ராத்திரி தூங்கி எழுந்தால் போய்விடும். வெறுங்காலில் நடப்பவர் பாதம்போல, திரும்பத் திரும்ப அழுத்தம் படும் இடத்தில் மேல்தோல் தடித்துக் காய்ப்பு ஏறும். யுகுலேலேக்கு மெல்லிய காய்ப்பு போதும்; உரித்துப் பார்க்கவோ, நகவெட்டியால் சீவவோ கூடாது. குளித்த கையோடு உட்கார வேண்டாம், ஊறிய தோலில் தந்தி வெட்டும். ஒரேயடியாக ஒரு மணி நேரம் வாசிப்பதைவிட, காலையில் கொஞ்சம் மாலையில் கொஞ்சம் என்று பிரித்துக்கொள்வது நல்லது. ஃப்ரெட்டின் நடுவில் அழுத்தாமல், அதன் உலோகக் கம்பிக்கு ஒட்டினாற்போல் பின்னால் அழுத்தினால் குறைந்த பலமே போதும். இதை மட்டும் நான் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வேன்.

தோல் வலி வேறு, மூட்டு வலி வேறு. மணிக்கட்டு குடைந்தாலோ விரல் மரத்துப்போனாலோ அன்றைக்கு வாசிப்பை நிறுத்தச் சொல்வேன். மறுநாளும் தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டச் சொல்வேன். வகுப்பில் நான் பார்த்தவரை, வாத்தியம் நழுவிவிடுமோ என்ற பயத்தில் கட்டைவிரலால் கழுத்தை இறுக்கிப் பிடிப்பதிலிருந்துதான் இந்தத் தொல்லை தொடங்குகிறது. அதற்கு ஒரு தோள்பட்டி மாட்டிக் கொடுங்கள். தாங்கும் வேலை பட்டிக்குப் போய்விட்டால் இடக்கைக்குத் தந்தியை அழுத்துவது ஒன்றுதான் வேலை.