டிராகுலா கோட்டைக்கு முதல் டிக்கெட்: ‘காசில்வேனியா’ கேம்களில் எதை முதலில் ஆடலாம்?

எம்.கே.பி. நகரிலிருந்து கிளம்பி, வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் ரயில் பிடித்து அம்பத்தூர் போகிறவருக்குக் கிடைப்பது இருபது நிமிஷம் சொச்சம். சீட் கிடைத்தால் அது லாபம். அந்த நேரத்தையும் ரீல்ஸ் தின்றுவிடுகிறதே என்று சலித்து, கதையோடு ஒரு நல்ல கேம் தேடுகிறவர்கள் கண்ணில் அடிக்கடி படும் பெயர் ‘காசில்வேனியா’. சிக்கல் என்னவென்றால், 2001 முதல் 2008 வரை கையடக்கக் கருவிகளுக்கு மட்டுமே இதில் ஆறு கேம்கள் வந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் அதே இருட்டுக் கோட்டை, அதே வௌவால். தப்பான இடத்தில் தொடங்கினால் ரெண்டாவது பாஸ் சண்டையிலேயே வெறுத்துப்போகும்.

அப்படி என்ன இருக்கிறது?

ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1986-ல் தொடங்கிய தொடர் இது. பாழடைந்த மாளிகை, சாபம், ரத்தக்காட்டேரி என்று போகும் ‘கோதிக்’ கதைகளின் வாரிசு. ஆனால் ஆட்டத்தின் சூத்திரம் நமக்குப் புதிதல்ல. ‘சந்திரமுகி’யில் அரண்மனைக்குள் நுழைந்ததுமே ஒரு பூட்டிய அறை கண்ணில் படும், அதைத் திறக்கும்வரை நமக்கு நிம்மதி இருக்காது. இங்கே கோட்டை முழுக்க அப்படிப்பட்ட கதவுகள்தான். புதுச் சக்தி ஒன்று கிடைத்ததும், முன்பு விட்டுவந்த இடத்துக்குத் திரும்பிப் போய்த் திறக்கலாம். மேப்பில் ஒவ்வொரு கட்டமாக நிறைவதைப் பார்ப்பதே ஒரு போதை.

முதல் மூன்று

‘சர்க்கிள் ஆஃப் தி மூன்’ (2001) கேம் பாய் அட்வான்ஸ் கருவியோடு சேர்ந்தே வந்தது. அந்தக் கருவியின் திரைக்குப் பின்விளக்கு கிடையாது; கேமோ கும்மிருட்டு. ஜன்னலோர வெயிலில் உட்கார்ந்தால் தன் முகம்தான் தெரியும். இன்றைய திரைகளில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் மாயச் சக்திக்குத் தேவையான கார்டுகளை எதிரிகள் எப்போதாவதுதான் கீழே போடுவார்கள். பொறுமை வேண்டும்.

இருட்டுப் புகாருக்குப் பதிலாக ‘ஹார்மனி ஆஃப் டிஸொனன்ஸ்’ (2002) பளீர் நிறங்களோடு வந்தது. இசை சுமார். இப்போதைக்குத் தாண்டிப் போகலாம்.

‘ஏரியா ஆஃப் சாரோ’ (2003) வேறு ரகம். கதை நடப்பது 2035-ல், எனவே பழைய கதை எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நாயகன் சோமா குரூஸ், கொல்லும் எதிரிகளின் ஆன்மாவை எடுத்துக்கொண்டு அவர்களுடைய சக்தியையே பயன்படுத்துவான். சும்மா வழியில் வரும் எலும்புக்கூட்டைக்கூட விட மனசு வராது. அதனிடம் என்ன சக்தி இருக்கிறதோ! ஓட்டமும் அடியும் வழுக்கிக்கொண்டு போகும். ஆறேழு மணி நேரத்தில் முடிந்துவிடும், அதாவது ரெண்டு மூணு வார ரயில் பயணம்.

அடுத்த மூன்று

நின்டெண்டோ டி.எஸ். கருவிக்கு வந்த ‘டான் ஆஃப் சாரோ’ (2005), ‘ஏரியா’வின் நேரடித் தொடர்ச்சி. அதனால் அதை ஆடாமல் இதைத் தொடக் கூடாது; இந்த ஆறில் வரிசை கட்டாயம் என்று சொல்ல வேண்டிய இடம் இது ஒன்றுதான். ‘போர்ட்ரெய்ட் ஆஃப் ரூயின்’ (2006) இரண்டாம் உலகப் போர் காலத்தில், 1944-ல் நடக்கிறது. ஜொனாதன், சார்லட் என இருவரை மாற்றி மாற்றி ஆடலாம். ஓவியங்களுக்குள் புகுந்து வேறு உலகங்களுக்குப் போகலாம். ஆறில் ஜாலியானது இதுதான்.

‘ஆர்டர் ஆஃப் எக்லீசியா’ (2008) கடைசியாக வைத்துக்கொள்ள வேண்டியது. நாயகி ஷனோவா அருமையான பாத்திரம், ஆனால் கேம் கருணையே காட்டாது. கலங்கரை விளக்கத்தில் நம்மைத் துரத்திக்கொண்டே மேலேறும் ராட்சத நண்டைப் பார்த்தால், காசிமேட்டில் நண்டு வாங்கவே கொஞ்ச நாள் கை நடுங்கும்.

எதில் ஆடுவது?

பழைய கருவிகளைத் தேடி அலைய வேண்டாம். முதல் மூன்றும் ‘அட்வான்ஸ் கலெக்‌ஷன்’ (2021) தொகுப்பிலும், அடுத்த மூன்றும் ‘டாமினஸ் கலெக்‌ஷன்’ (2024) தொகுப்பிலும் இருக்கின்றன. ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் கிடைக்கும். எந்த இடத்திலும் சேவ் செய்யலாம். தவறினால் சில நொடிகள் பின்னுக்கு ஓட்டலாம். திடீரென்று ஸ்டேஷன் வந்துவிடும் நம் ஆட்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? சாதாரண லேப்டாப்பே போதும். ஆபீஸ் லேப்டாப்பில் மட்டும் ஏற்ற வேண்டாம், ஐ.டி. டீமுக்குத் தெரிந்துவிடும்.

இந்தத் தொகுப்புகள் ஆண்ட்ராய்டிலோ ஐபோனிலோ இல்லை. ‘ஃப்ரீ ஏ.பி.கே.’ என்று யாராவது லிங்க் அனுப்பினால் தொடாதீர்கள், யு.பி.ஐ. இருக்கும் அதே போனில் அதை ஏற்றுவது சூதாட்டம். கையில் போன் மட்டும்தான் என்றால், 1997-ல் பிளேஸ்டேஷனுக்கு வந்த ‘சிம்ஃபனி ஆஃப் தி நைட்’ 2020 முதல் போனிலேயே குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. ‘ஏரியா’வுக்கு அண்ணன் மாதிரி. தொடுதிரை பட்டன்கள் கூட்ட நெரிசலில் படுத்தும்; ஒரு புளூடூத் கன்ட்ரோலர் இருந்தால் தப்பிக்கலாம்.

மற்றபடி முதல் டிக்கெட் ‘ஏரியா’வுக்குத்தான். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: கோட்டையில் கிடைக்கும் பழைய புத்தகங்களைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள். அவற்றில் குறிப்பிடப்படும் மூன்று ஆன்மாக்களைப் பொருத்திக்கொள்ளாமல் கிரஹாமை வீழ்த்தினால், கேம் பாதியிலேயே ‘சுபம்’ போட்டுவிடும்.