கருவியும் நாமும் – 9: மணிக்கட்டில் ஒரு சாட்சி

சென்ற வாரம் கைப்பேசிச் செயலிகள் நம்மிடம் கேட்டுப்பெறும் அனுமதிகளைப் பற்றி விசாரித்தோம். அதே விசாரணையை, இரவும் பகலும் நம் உடம்பை விட்டுப் பிரியாத ஸ்மார்ட்வாட்ச் என்னும் சாதனத்தின்மேல் இப்போது செலுத்துவோம். கைப்பேசியை மேஜைமேல் வைத்துவிட்டு நாம் எழுந்து போய்விடலாம். இந்தக் கடிகாரமோ நாம் உறங்கும்போதும் விழித்திருந்து கணக்கெழுதுவது. ஆகையால், விலை மலிவாக இருக்கிறதா என்று பார்க்கும் அளவுக்கு, எழுதிய கணக்கை அது யாரிடம் ஒப்புவிக்கிறது என்பதையும் பார்த்தே வாங்கவேண்டும்.

அதன் தொழில் இன்னதென்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பச்சை ஒளியை உறிஞ்சும் தன்மை இரத்தத்துக்கு உண்டாகையால், கடிகாரத்தின் அடியிலிருந்து தோலின்மேல் விழும் அந்த ஒளி, ஒவ்வொரு துடிப்பிலும் பெருகிக் குறையும் இரத்தத்துக்கேற்பக் கூடியும் குறைந்தும் திரும்பிவர, அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணியே யந்திரம் நாடியைச் சொல்லுகிறது. அசைவை உணரும் சிறு சில்லு ஒன்று நடையை எண்ணுகிறது. இவ்விரண்டையும் இணைத்து உறக்கத்தின் அளவை ஊகிக்கிறது. இந்தக் காரியங்களில் எதற்குமே இன்டர்நெட் அவசியமில்லை.

அவசியமில்லாதிருந்தும் விவரங்கள் வெளியே போவானேன்? விலை குறைந்த கடிகாரம் தானாக உலகத்தோடு பேசுவதில்லை. தான் அறிந்ததைப் புளூடூத் வழியே கைப்பேசியிலுள்ள செயலிக்குச் சொல்ல, அந்தச் செயலி அதனை நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பிவைக்கிறது. எனவே அந்தரங்கம் காக்கப்படுவதும் பறிபோவதும் பெரும்பாலும் செயலியைப் பொறுத்தது. செயலியை முதலில் தேர்ந்து, அதற்கு இணங்கிய கடிகாரத்தைப் பின்னர் தேர்வதே சரியான கிரமம்; நம்மில் பெரும்பாலோர் செய்வதோ தலைகீழ்.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்குச் சமீப சரித்திரமே பதில் சொல்லும். ஸ்ட்ராவா என்னும் உடற்பயிற்சிச் செயலி தன் உறுப்பினர்கள் ஓடிய தடங்களையெல்லாம் ஒன்றுதிரட்டி 2017 நவம்பரில் ஓர் உலகப்படம் வெளியிட்டது. எவருடைய பெயரும் அதில் இல்லை. ஆயினும் ஆள் நடமாட்டமற்ற பாலைவனப் பிரதேசங்களில் சிப்பாய்கள் ஓடிப் பழகிய வட்டங்கள் ஒளிர்ந்து, ராணுவ முகாம்கள் இன்ன இடத்தில் இருக்கின்றன என்று காட்டிக்கொடுத்ததை, 2018 ஜனவரியில் நேதன் ரூசர் என்ற ஆஸ்திரேலிய மாணவர் சுட்டிக்காட்டினார். 2020 ஜூலையில் கார்மின் என்ற கடிகார நிறுவனத்தின் கணினிகளைப் பணம் பறிக்கும் கும்பல் முடக்கியபோது, கடிகாரம் கையிலேயே இருந்தும், அது குறித்த விவரங்களை வழக்கம்போல் சேர்த்துப் பார்க்க வழியின்றிப் பலர் சில நாட்கள் தவித்தார்கள். 2021 ஜனவரியில் ஃபிட்பிட் என்ற கடிகார ஸ்தாபனமே கூகுளுக்குக் கைமாறியது. உடல்நல விவரங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாகாது என்று ஐரோப்பிய ஆணையம் விதித்த பத்தாண்டு நிபந்தனை ஐரோப்பாவில் வாழ்பவர்களைக் குறித்ததே. நாம் ஒருவரை நம்பிக் கொடுத்தது, நம்மைக் கேளாமலே வேறொருவர் கைக்குப் போகக்கூடும் என்பது இதிலிருந்து விளங்கும்.

இனி அனுமதிகள். ஆண்ட்ராய்டு 11 வரையில் புளூடூத் கருவிகளைத் தேடுவதற்கே இருப்பிட அனுமதி தேவைப்பட்டதால், பழைய கைப்பேசிகளில் அதைக் கேட்பதைக் குற்றமென்று சொல்வதற்கில்லை. ஆண்ட்ராய்டு 12 முதல் இதற்கெனத் தனி அனுமதி வந்துவிட்டமையால், இப்போதும் அதை வற்புறுத்தும் செயலி தக்க காரணம் சொல்லவேண்டும். அழைப்பவர் பெயரைக் காட்டுவதற்காகத் தொடர்பு எண்களையும் செயலி கேட்கிறது. அந்தச் சௌகரியம் வேண்டாதவர் தாராளமாக மறுக்கலாம். எல்லாவற்றிலும் கனமானது அறிவிப்புகளைப் படிக்கும் அனுமதி: வங்கியிலிருந்து வரும் ஓடிபி உட்பட, திரையில் தோன்றும் செய்திகளை அந்தச் செயலியும் படிக்கும் என்பதே அதன் பொருள்.

இந்த நிர்ப்பந்தத்திலிருந்து விடுபட ஒரு மார்க்கம் இருக்கிறது. 2012-ல் பொதுமக்களிடமே ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டிப் பிறந்த பெபிள் கடிகாரத்தை, அதன் நிறுவனத்தாருடைய செயலி இல்லாமலே உபயோகிக்க விரும்பிய சிலர் கேட்ஜெட்பிரிட்ஜ் என்ற இலவசச் செயலியை எழுதினார்கள். அதன் மூலநிரலை எவரும் படித்துப் பார்க்கலாம். இன்டர்நெட் அனுமதியே அதற்குக் கிடையாது. கணக்குத் தொடங்கச் சொல்லாது. விவரங்களைக் கைப்பேசியிலேயே வைத்துக்கொள்ளும். பெபிள் விற்கப்பட்டு, 2018-ல் அதன் சர்வர்கள் நிறுத்தப்பட்ட பிறகும் இச்செயலி வாழ்ந்து, இன்று பல நிறுவனங்களின் கடிகாரங்களோடு பேசுகிறது. எஃப்-டிராய்டு என்னும் களஞ்சியத்தில் கிடைக்கும் இது ஆண்ட்ராய்டுக்கு மட்டுமே உரியது.

இதற்கு இணங்கியவற்றுள் மலிவான ஒன்று, பைன்64 நிறுவனத்தின் பைன்டைம்: விலை சுமார் 27 டாலர், தபால் செலவும் சுங்க வரியும் தனி. நேரம், நடை, நாடி, அறிவிப்பு ஆகியவற்றோடு அது திருப்தியடைந்துவிடும். ஜிபிஎஸ் கிடையாது, பேசும் வசதியும் கிடையாது. ஜிபிஎஸ் வேண்டுமென்பவர்கள் கூடுதல் விலை கொடுத்து, கார்டன் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் உருவாக்கிய பாங்கிள்.ஜேஎஸ் 2-ஐ நாடலாம். நம் ஊரில் பரவலாகப் புழங்கிய ஷாவ்மியின் பட்டைக் கடிகாரங்களில் நான்காவது முதலானவற்றுக்கு, ஒரு தடவை அந்நிறுவனத்தின் செயலியில் கணக்குத் தொடங்கி, ரகசியக் குறியீட்டைப் பெற்றுக்கொண்டு, பின்னர் அச்செயலியை நீக்கிவிட வேண்டியிருக்கும்.

சட்டத்தின் துணை இல்லாமலில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023-ல் நிறைவேறிய தரவுப் பாதுகாப்புச் சட்டம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும், விவரங்களை அழிக்கக் கோரவும் இடமளிக்கும் பிரிவுகளைக் கொண்டது. ஆனால் போன விவரத்தைத் திருப்பிக் கேட்பதைவிட அதைப் போகவிடாதிருப்பது சுலபம்.

ஆகவே வாசகர்களுக்கு நாம் சொல்லும் யோசனை இதுதான்: பணம் கொடுக்குமுன், இந்தக் கடிகாரத்துக்கு எந்தச் செயலி என்று கடைக்காரரிடம் கேளுங்கள், பிளே ஸ்டோரில் அச்செயலியின் தரவுப் பாதுகாப்புப் பகுதியைப் படியுங்கள், கேட்ஜெட்பிரிட்ஜின் பட்டியலில் அந்தக் கடிகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். கணக்குத் தொடங்காமல் மணிகூடச் சொல்ல மறுக்கும் கடிகாரம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

(தொடரும்)