கையைக் கடிக்காத ஞாயிற்றுக்கிழமை

மும்பையில் மாதச் சம்பளக்காரர் வீடுகளில் ஞாயிறு விடிந்ததும் குழந்தைகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இன்னிக்கு எங்கேப்பா போறோம்?" தகப்பனார் பேப்பருக்குள் முகத்தை மறைத்துக் கொள்கிறார். வெளியே போனால் ஆயிரம் ரூபாய் கரைந்துவிடுமே என்ற பயம்! ஆறு நாளும் அடுப்படியில் நின்ற தாய்க்கு ஏழாவது நாளும் அடுப்படிதான்.

கொஞ்சம் திட்டமிட்டால் இந்தப் பயம் தேவையில்லை. தாராவி, சயான் பக்கத்துக் குடும்பம் ஒன்று ஒரு பகல் பொழுதைச் சிக்கனமாகவும் சந்தோஷமாகவும் கழிக்க வழி இருக்கிறது.

ரயில் பயணம்

அலுவலகம் போக வாங்கிய சீசன் டிக்கெட் ஞாயிற்றுக்கிழமையும் செல்லும். அந்தப் பாதைக்குள் போனால் குடும்பத் தலைவருக்குத் தனிச் செலவு இல்லை. மற்றவர்களுக்கும் பெரிய செலவு ஆகாது. சயானிலிருந்து பைகுல்லாவுக்கு இரண்டாம் வகுப்புக் கட்டணம் 5 ரூபாய்தான்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். ஞாயிறுதோறும் பராமரிப்புக்காக 'மெகா பிளாக்' உண்டு. பெரும்பாலும் காலை 11 மணியை ஒட்டித் தொடங்கி மாலை 4 மணி வரை நீடிக்கும். எந்தப் பாதையில் என்பதை முதல் நாளே பார்த்துக்கொண்டு, காலை 9 மணிக்கே கிளம்பிவிடுவது புத்திசாலித்தனம்.

ராணி பாக்

பைகுல்லா நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது வீரமாதா ஜீஜாபாய் போஸ்லே உத்யான். பழைய மும்பைவாசிகளுக்கு இன்றும் அது 'ராணி பாக்'தான். 2016-இல் சியோலிலிருந்து வந்த பென்குயின்களைப் பார்க்கப் பிள்ளைகள் துடிப்பார்கள். பெரியவர்களுக்கு நூறாண்டு கடந்த மரங்களின் நிழலே போதும்.

5 ரூபாயாக இருந்த நுழைவுக் கட்டணம் 2017 ஆகஸ்டில் 50 ரூபாயாக உயர்ந்தபோது பலரும் முணுமுணுத்தார்கள். ஆனால் அப்போதே பெற்றோரும் இரண்டு குழந்தைகளும் அடங்கிய குடும்பத்துக்குச் சேர்த்து 100 ரூபாய் என்று சலுகையும் தந்தார்கள். தனித்தனியாக டிக்கெட் வாங்கிப் பணத்தை விடுவானேன்? கவுண்டரில் 'குடும்ப டிக்கெட்' என்று கேட்டு வாங்க வேண்டும். புதன்கிழமை விடுமுறை.

மாட்டுங்கா சாப்பாடு

பசிக்கும் நேரத்தில் மாட்டுங்காவில் இறங்கலாம். நிலையத்தை ஒட்டி, ஏ. ராம நாயக் 1942-இல் தொடங்கிய உடுப்பி ஸ்ரீகிருஷ்ண போர்டிங் இருக்கிறது. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுப் பிழைக்க வந்த குமாஸ்தாக்களுக்கு அந்தக் காலத்தில் சோறு போட்டவை மாட்டுங்காவின் இத்தகைய போர்டிங்குகளும் மெஸ்களும்தான். தாத்தா தனியாக உட்கார்ந்து சாப்பிட்ட பேட்டையில் இன்று பேரன் பேத்திகள் கூட்டமாக உட்கார்ந்து ரசம் கேட்கிறார்கள்!

நன்றாகச் சாப்பிடுகிறவர்களுக்கு இலைச் சாப்பாடு. அளவாகச் சாப்பிடுகிறவர்களுக்கு விலை குறைந்த தட்டுச் சாப்பாடு. எல்லோருக்கும் இலை என்று அடம் பிடிக்காமல் ஆளுக்கு ஏற்றபடி வாங்கினால் பணமும் மிச்சம், சோறும் வீணாகாது. ஞாயிறு மதியம் வரிசை நீளும். 12 மணிக்குள் போவது நல்லது.

டிபன் போதும் என்பவர்களுக்கு 1939-இல் தொடங்கிய ராம் ஆசிரயாவும், கிங்ஸ் சர்க்கிள் பக்கம் 1940-இல் தொடங்கிய கபே மெட்ராஸும் இருக்கின்றன.

வெயில் தாழ்ந்ததும் ஐந்து தோட்டம் என்னும் பைவ் கார்டன்ஸில் பிள்ளைகளை ஓடவிடலாம். அதற்குக் காசு கிடையாது. சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்கும் வேலைகூட இல்லாமல் தாயும் அங்கே ஒரு மணி நேரம் கால் நீட்டி உட்காரலாம்.

வரும் ஞாயிறு புறப்படலாமே!