கீபோர்டா, டிஜிட்டல் பியானோவா, ஹைபிரிட் பியானோவா? லட்சக்கணக்கில் செலவு பண்றதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியவை!

ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு வீட்டில் பியானோ வாங்கினால், அதுக்குச் சுருதி சேர்க்க யார் வருவாங்க? சென்னை 200 கிலோமீட்டருக்கும் மேல். பக்கத்தில் இருக்கும் சிதம்பரத்திலும் விருத்தாசலத்திலும் கீபோர்டு வகுப்புகள் உண்டு. ஆனால் பியானோவைத் திறந்து பழுது பார்க்கும் டெக்னீஷியன் கிடைப்பது கஷ்டம். இந்த ஒரு கேள்விக்குப் பதிலாகத்தான் பலரும் ‘ஹைபிரிட் டிஜிட்டல் பியானோ’ பக்கம் பார்வையைத் திருப்புறாங்க. சுருதி சேர்க்கவே வேண்டாம், ஆனால் நிஜ பியானோ வாசிக்கும் உணர்வு கிடைக்கும் என்பதுதான் விளம்பரம்.

அது உண்மையா? கடலூர் மாவட்டத்தின் ஈரக் காற்றுக்கும், புயலுக்கும், கரண்ட் கட்டுக்கும் அது தாங்குமா? விரிவாகப் பார்க்கலாம்.

பியானோ மோகம் எங்கிருந்து வந்தது?

தமிழ்நாட்டுக்கு பியானோ புதுசு இல்லை. சென்னை அண்ணா சாலையில் இருக்கும் ‘மியூஸி மியூசிக்கல்’ கடையின் கதை 1842-ல் ‘மிஸ்க்வித்’ என்ற பெயரில் தொடங்கியது. ஏ.ஆர்.ரஹ்மான் 2008-ல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியில் பியானோ முறைப்படி சொல்லித் தரப்படுகிறது. அங்கே படித்த சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம், 2019-ல் அமெரிக்காவின் ‘தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்’ டிவி போட்டியில் ஜெயித்து 10 லட்சம் டாலர் பரிசு வாங்கினார். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு ‘நம்ம பிள்ளையையும் பியானோ கிளாஸ்ல சேர்த்துவிடலாமே’ என்று நினைத்த பெற்றோர் ஏராளம்.

வகுப்பில் சேர்ப்பது எளிது. வீட்டில் எதை வைத்துப் பயிற்சி செய்வது என்பதுதான் சிக்கல்.

கீபோர்டு, டிஜிட்டல், ஹைபிரிட்: என்ன வித்தியாசம்?

முதலில் நிஜ பியானோ எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கணும். அதில் 88 கட்டைகள் இருக்கும். ஒரு கட்டையை அமுக்கினால், உள்ளே கம்பளி ஃபெல்ட் சுற்றிய சின்ன மரச் சுத்தியல் பாய்ந்து கம்பியைத் தட்டும். ஒரு பியானோவில் சுமார் 230 கம்பிகள். அத்தனையும் இறுக்கமாக முறுக்கப்பட்டிருக்கும். வெயில், ஈரம் மாற மாற அந்த இறுக்கம் தளரும், சுருதி விலகும். அதனால் வருஷத்துக்கு ஒன்று இரண்டு தடவையாவது சுருதி சேர்க்கணும்.

சாதாரண கீபோர்டு: பெரும்பாலும் 61 கட்டைகள். ஹார்மோனியம் மாதிரி லேசாக அமுங்கும். உள்ளே சுத்தியல் எதுவும் கிடையாது. தாளம், நூற்றுக்கணக்கான ஒலிகள் எல்லாம் இருக்கும். விலை குறைவு.

டிஜிட்டல் பியானோ: 88 கட்டைகள். ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு எடை இருப்பதால், அமுக்கும்போது பியானோ போலவே கனமாகத் தெரியும். ஒலி, பதிவு செய்து வைத்த நிஜ பியானோவின் ஒலி.

ஹைபிரிட் டிஜிட்டல் பியானோ: நிஜ பியானோவில் இருக்கும் கட்டை, நெம்புகோல், சுத்தியல் எல்லாம் அப்படியே உள்ளே இருக்கும். கம்பி மட்டும் இருக்காது. சுத்தியல் எவ்வளவு வேகத்தில் வருது என்பதை சென்சார்கள் அளந்து, அதற்கேற்ற ஒலியை ஸ்பீக்கரில் கொடுக்கும். கம்பியே இல்லாததால் சுருதி சேர்க்கும் வேலையும் இல்லை.

யமஹாவின் அவன்ட்கிராண்ட் வரிசை, என்யூ1எக்ஸ், கவாயின் நோவஸ் வரிசை ஆகியவை இந்த வகைக்கு நன்கு தெரிந்த உதாரணங்கள். யமஹா 2009-லேயே அவன்ட்கிராண்டை அறிமுகப்படுத்திவிட்டது. கேசியோ, ஜெர்மனியின் பெக்ஸ்டைன் நிறுவனத்துடன் சேர்ந்து 2015-ல் ‘கிராண்ட் ஹைபிரிட்’ மாடல்களைக் கொண்டுவந்தது.

‘ஹைபிரிட்’னு எழுதியிருந்தா போதுமா?

போதாது. இங்கேதான் பலரும் ஏமாறும் வாய்ப்பு இருக்கு. ஒரே சொல்லை மூன்று விதமாகப் பயன்படுத்துறாங்க.

ஒன்று, மேலே சொன்ன மாதிரி முழு சுத்தியல் அமைப்பும் உள்ளே இருப்பது.

இரண்டு, கம்பி உள்ள நிஜ பியானோவிலேயே சென்சார் பொருத்தியது. ‘சைலன்ட் பியானோ’ என்று சொல்வது இதைத்தான். தேவைப்படும்போது சுத்தியல் கம்பியைத் தொடாமல் தடுத்து, ஹெட்போனில் கேட்கலாம். ஆனால் இதில் கம்பி இருப்பதால் சுருதி சேர்த்தே ஆகணும்.

மூன்று, மரமும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த கட்டைகளையே ‘ஹைபிரிட்’ என்று விளம்பரம் செய்வது. இது சாதாரண டிஜிட்டல் பியானோதான். மோசம் இல்லை, ஆனால் ஹைபிரிட் விலை கொடுக்க வேண்டியதில்லை.

அதனால் கடைக்காரரிடம் நேரடியாகக் கேளுங்க: “உள்ளே நிஜ சுத்தியல் அமைப்பு இருக்கா? அது கிராண்ட் பியானோ அமைப்பா, அப்ரைட் அமைப்பா? கம்பி இருக்கா?” இந்த மூன்று கேள்விக்கும் தெளிவான பதில் வந்தால்தான் மேற்கொண்டு பேசணும்.

கிராண்ட், அப்ரைட் வித்தியாசம் முக்கியம். கிராண்ட் பியானோவில் சுத்தியல் மேலே போய், தன் எடையாலேயே கீழே விழும். அப்ரைட்டில் சுத்தியல் பக்கவாட்டில் நகர்வதால், திரும்பி வர ஸ்பிரிங்கும் பட்டையும் உதவணும். கிராண்ட் அமைப்பில் கட்டை முழுசாக மேலே எழும் முன்பே மறுபடி தட்டலாம். பிரான்சின் செபாஸ்தியான் எரார் 1821-ல் காப்புரிமை பெற்ற நுட்பம் இது. வேகமான பாடங்களை வாசிக்கும் மாணவர்களுக்கு இந்த வித்தியாசம் கையில் தெரியும். ஆரம்பநிலையில் தெரியாது.

யாருக்கு ஹைபிரிட் தேவை, யாருக்குத் தேவையில்லை?

இப்போதுதான் வகுப்பில் சேர்ந்த குழந்தைக்கு லட்சக்கணக்கில் செலவு தேவையே இல்லை. 88 கட்டை, எடை உள்ள அமைப்பு, சஸ்டெயின் பெடல் இந்த மூன்றும் இருக்கும் டிஜிட்டல் பியானோ பல வருஷங்களுக்குப் போதும்.

தேர்வு எழுதப் போறவங்க இன்னொன்றைக் கவனிக்கணும். ட்ரினிட்டி காலேஜ் லண்டன் பாடத்திட்டத்தில் ‘பியானோ’ வேறு, ‘எலக்ட்ரானிக் கீபோர்டு’ வேறு. பியானோ பாடத்தில் சேர்த்துவிட்டு வீட்டில் 61 கட்டை கீபோர்டில் பயிற்சி கொடுத்தால், தேர்வு நாளில் பிள்ளையின் விரல் தடுமாறும். எந்தப் பாடம் என்பதை ஆசிரியரிடம் முதலில் உறுதி செய்துகொண்டு பிறகு வாங்குவது நல்லது.

கர்நாடக இசை கற்கும் குழந்தை என்றால் கதையே வேறு. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைப் பாரம்பரியம் 1929-லிருந்து தொடர்வது. இந்தப் பகுதியில் பாட்டு, வீணை, நாதஸ்வரம் என்று கற்பவர்கள் அதிகம். பியானோவில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரே ஸ்வரம்தான். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் கமகம் அதில் வராது. எவ்வளவு விலை கொடுத்தாலும் வராது. அதற்குச் சாதாரண கீபோர்டில் இருக்கும் ‘பிட்ச் பெண்ட்’ சக்கரம்கூட ஓரளவு உதவும். அனில் ஸ்ரீநிவாசன் போன்றவர்கள் பியானோவை கர்நாடக இசையோடு சேர்த்து வாசிக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அது இரண்டு இசையையும் தெரிந்தவர்கள் செய்வது.

அப்போ ஹைபிரிட் யாருக்கு? மேல் கிரேடுகளுக்குப் போய்விட்ட, தினமும் ஒன்றிரண்டு மணி நேரம் வாசிக்கும் மாணவர்களுக்கு. வீட்டிலேயே வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கு. நிஜ பியானோ வாங்க ஆசை இருந்தும், ஊரில் சுருதி சேர்க்க ஆள் இல்லாதவர்களுக்கு.

ஹெட்போன் போட்டா சத்தமே வராதா?

ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி கோயிலைச் சுற்றி இருப்பது போன்ற தெருக்களில், ஒரு வீட்டுச் சுவரும் பக்கத்து வீட்டுச் சுவரும் ஒன்றாகவே இருக்கும். இரவில் வாசிக்க ஹெட்போன் பெரிய உதவி. ஆனால் ஹைபிரிட் பியானோவில் நிஜ சுத்தியல் ஓடுவதால், ‘டொக் டொக்’ என்ற சத்தம் வெளியே கேட்கும். மாடியில் வைத்தால் கீழ் வீட்டுக் கூரையில் அதிர்வு தெரியும். அடியில் தடிமனான ரப்பர் விரிப்பு போட்டால் குறையும்.

எடையும் கவனிக்க வேண்டிய விஷயம். மாடலைப் பொறுத்து சுமார் 75 கிலோவில் தொடங்கி 200 கிலோ வரை போகும். குறுகலான மாடிப்படி உள்ள வீட்டில் ஏற்ற முடியுமா என்று முதலில் அளந்து பார்க்கணும். ஏற்றுக்கூலி யார் பொறுப்பு என்பதையும் பேசி முடிச்சுக்கணும்.

கடலூர் மாவட்டத்தில் பராமரிப்பு: என்னென்ன ஆபத்து?

‘சுருதி சேர்க்க வேண்டாம்’ என்பதை ‘பராமரிப்பே வேண்டாம்’ என்று புரிஞ்சுக்கக் கூடாது. உள்ளே இருப்பது மரமும் கம்பளி ஃபெல்ட்டும்.

ஈரம்: ஐப்பசி, கார்த்திகை மழையில் மரமும் ஃபெல்ட்டும் உப்பும். அமுக்கிய கட்டை மேலே எழாமல் ஒட்டிக்கொள்ளும். வெளிச்சுவரை ஒட்டியோ, ஜன்னல் அருகிலோ வைக்க வேண்டாம். ஏர் கூலர் ஓடும் அறையில் வைக்கவே கூடாது, அது ஈரத்தைத்தான் தள்ளுகிறது. ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கி வைத்து, 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது. கடற்கரையை ஒட்டிய கடலூர், பரங்கிப்பேட்டை பகுதிகளில் உப்புக் காற்று உலோகப் பாகங்களையும் அரிக்கும்.

பூச்சி, எலி: அந்துப்பூச்சிக்கு கம்பளி ஃபெல்ட் விருந்து. எலிக்கு ஒயர். கரையானுக்கு மரம். வாசிக்காத நேரத்தில் மூடி வைக்கணும். மாதம் ஒரு முறை பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்க்கணும்.

மின்சாரம்: ஒரு சீலிங் ஃபேன் அளவுக்குத்தான் கரண்ட் இழுக்கும். பில் பற்றிக் கவலை இல்லை. கவலை ஏற்ற இறக்கம்தான். சரியான எர்த், நல்ல ஸ்பைக் கார்டு அவசியம். இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் சைன் வேவ் இன்வெர்ட்டர் நல்லது. பழைய வகை இன்வெர்ட்டரில் ஸ்பீக்கரில் இரைச்சல் வரலாம். இடி மின்னல் நேரத்தில் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கிடணும்.

புயல், வெள்ளம்: 2011 டிசம்பர் 30-ல் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்ததை இந்த மாவட்டம் மறக்காது. 2015 வெள்ளமும், 2024-ல் ‘ஃபெஞ்சல்’ புயலும் வந்து போயின. நிஜ பியானோ நனைந்தாலே பெரிய சேதம். ஹைபிரிட்டில் மரத்தோடு சர்க்யூட்டும் போய்விடும். தரைத்தளத்தில் தண்ணீர் ஏறிய வரலாறு இருக்கும் வீடு என்றால், இரண்டு பேர் தூக்கி மேலே ஏற்றக்கூடிய டிஜிட்டல் பியானோவே பாதுகாப்பு.

எத்தனை வருஷம் உழைக்கும்?

நன்றாகப் பராமரித்த நிஜ பியானோ ஐம்பது வருஷம் தாண்டியும் வாசிக்கும். ஹைபிரிட்டில் சுத்தியல் அமைப்பு நீண்ட காலம் உழைத்தாலும், உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் அவ்வளவு காலம் வராது. பத்து, பதினைந்து வருஷம் கழித்து போர்டு போனால் அந்த மாடலுக்கு உதிரி பாகம் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. நன்றாக வாசிக்கும் வீடு என்றால், சில வருஷத்துக்கு ஒருமுறை சுத்தியல் அமைப்பைச் சரிபார்க்கவும் டெக்னீஷியன் தேவைப்படுவார். அந்தப் பயணச் செலவையும் விலையோடு சேர்த்துத்தான் கணக்குப் போடணும்.

வாங்கும் முன் செக் லிஸ்ட்

* கடைக்கு நேரில் போய் வாசித்துப் பாருங்க. ஒரே கட்டையை மெதுவாகவும் வேகமாகவும் தட்டிப் பார்க்கணும். மிக மெல்லிசாக அமுக்கும்போதும் ஒலி வருதா என்று கேட்கணும். முடிந்தால் பிள்ளையின் ஆசிரியரைக் கூட்டிட்டுப் போங்க.
* யமஹா 2019-ல் சென்னை அருகே இசைக்கருவி தொழிற்சாலை தொடங்கியிருந்தாலும், ஹைபிரிட் பியானோக்கள் இறக்குமதியாகத்தான் வருகின்றன. விலையை வரி, டெலிவரி எல்லாம் சேர்த்து எழுத்தில் வாங்கணும்.
* வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் மூலமாகவோ, செகண்ட் ஹேண்டிலோ வாங்குறீங்களா? நம்ம ஊர் மின்சாரம் 230 வோல்ட். ஜப்பானில் 100, அமெரிக்காவில் 120. பின்பக்க லேபிளைப் பார்க்காமல் சொருகினால் கருவி எரிந்து போகலாம். வாரன்டியும் இங்கே செல்லாமல் போகலாம்.
* ‘ஆன்-சைட் சர்வீஸ்’ என்றால் உங்க பின்கோடுக்கு ஆள் வருவாரா, வந்தால் பயணச் செலவு யாருடையது என்று எழுத்தில் கேளுங்க.
* இஎம்ஐ-யில் வாங்கினால் மாதத் தவணையை மட்டும் பார்க்காமல், மொத்தம் எவ்வளவு கட்டப்போறோம் என்று கூட்டிப் பாருங்க.

பிரச்னை வந்தால் எங்கே போவது?

பொருள் சென்னையில் வாங்கியது என்பதால் சென்னைக்குத்தான் அலையணும்னு இல்லை. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஸ்ரீமுஷ்ணத்தில் இருப்பவர் கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில், வாரன்டி அட்டை, கடைக்காரரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் பத்திரமாக வெச்சுக்கணும்.

கடைசியா என்னதான் வாங்குறது?

தொடக்க நிலை மாணவர் என்றால் 88 கட்டை டிஜிட்டல் பியானோ. இரண்டு மூன்று வருஷம் விடாமல் வாசித்து, ஆசிரியரே ‘இந்தக் கருவி இனி போதாது’ என்று சொல்லும்போது ஹைபிரிட் பற்றி யோசிக்கலாம். அப்போதும் ஈரம் ஏறாத அறை, வெள்ளம் வராத தளம், வந்து பார்க்க ஒரு டெக்னீஷியன் இந்த மூன்றும் உறுதியான பிறகே அட்வான்ஸ் கொடுங்க. இதில் ஒன்று இல்லை என்றாலும், அந்தப் பணத்தில் ஒரு பகுதியை நல்ல ஆசிரியருக்கான ஃபீஸாக ஒதுக்குவது பிள்ளைக்கு அதிகமாகப் பயன்படும்.